வேலையிடத்தில் துப்பாக்கி: கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தவையும் செய்தவையும்



அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே கடலோரமாக ஹாஃப் மூன் பே என்று ஓர் ஊர் இருக்கின்றது. பூவும் காய்கறியும் காளானும் பயிரிடும் பண்ணைகள் நிறைந்த ஊர். 2023ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், திங்கட்கிழமை பிற்பகலில், அங்கே ஒரு காளான் பண்ணையில் துப்பாக்கி வெடித்தது. நான்கு பேர் மாண்டனர், ஒருவர் காயமுற்றார். சுட்டவர் வண்டியேறி இன்னொரு காளான் பண்ணைக்குப் போனார். அங்கே மேலும் மூன்று பேர் மாண்டனர். இறந்த எழுவரும் சீனாவிலிருந்தும் மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் அப்படி வந்த ஒரு தொழிலாளியே, அப்போது வயது 66. அவர் ஓடி ஒளியவில்லை. ஊர்க் காவல் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் தம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டார்.

துப்பாக்கி அமெரிக்காவின் கதை, நமக்கு அதில் என்ன இருக்கின்றது என்று நேயர்கள் கேட்கலாம். நம் நாட்டில் காவல்துறையின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் வந்த கடுந்தண்டனைச் சட்டமும் அதற்கு வேலி போட்டிருக்கின்றன. அமெரிக்காவில் அந்த வேலி இல்லை. பொதுமக்கள் கையில் உள்ள துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடி இருக்கலாம் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்நாட்டு மக்கள் தொகையைவிட அது அதிகம்.

ஆனால் அந்தப் பண்ணைக்குள் சென்று பார்த்த அதிகாரிகள் வெளியிட்ட செய்தியைப் படித்தால், துப்பாக்கியைத் தவிர மற்றவை நமக்குப் புதியவை அல்ல என்பது விளங்கும். வேலை கொடுத்த இடத்திலேயே குடியிருப்பு. சரக்குக் கொள்கலன்களிலும் வண்டிக் கொட்டகைகளிலும் சிதைந்துபோன பழைய வண்டிவீடுகளிலும் தொழிலாளர் நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்தனர். அந்த இருப்பிடத்துக்கென்று சம்பளத்தில் பிடித்தம் வேறு. கூட்டரசின் தொழிலாளர் துறை கணக்கெடுத்து, இரு பண்ணைகளிலுமாக 62 தொழிலாளருக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் பாக்கிச் சம்பளமும் ஈடும் வாங்கிக் கொடுத்தது. கொலைக்கான காரணம் என்று அரசுத் தரப்பினர் சொன்னதும் ஒரு சம்பளத் தகராறுதான். போர்க்லிப்ட் என்னும் பாரந்தூக்கி வண்டி சேதமானதற்கு 100 டாலர் கட்டவேண்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னதாகவும், அதில் மூண்ட கோபமே இப்படி முடிந்ததாகவும் அவர்கள் கூறினர். 100 டாலருக்காக ஏழு உயிரா என்று திகைக்கிறோம். அந்த 100 டாலருக்குப் பின்னால் எத்தனை நாள் மனக்குமைச்சல் இருந்ததோ! எவ்வளவு குமைந்தாலும் கொலைக்கு அது நியாயமாகாது. ஆயினும் தடுப்பதைப்பற்றிப் பேசவேண்டுமானால் குமைச்சலைப்பற்றியும் பேசத்தான் வேண்டும்.

இப்படி ஏதேனும் நடந்துவிட்டால் உடனே எழும் கேள்வி, இதைத் தடுக்க ஒரு கருவி கிடையாதா என்பதே. கருவிகள் உண்டு. அவற்றை விற்பவர்களும் நிறைய உண்டு. அவை எப்படி வேலை செய்கின்றன, எதுவரை வேலை செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

எல்லாருக்கும் தெரிந்தது விமான நிலையத்தில் நாம் நுழைந்து வருகின்ற கதவு நிலை போன்ற கருவி. அந்த நிலையின் இரு பக்கங்களிலும் கம்பிச் சுருள்கள் உள்ளன. மின்சாரம் அவற்றில் விட்டுவிட்டுப் பாயும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உண்டாகின்றது. நம்மிடம் இரும்போ வேறு உலோகமோ இருந்தால் அந்தப் புலம் கலைகின்றது, கருவி மணியடிக்கின்றது. அதற்குத் தெரிவது உலோகம் மட்டுமே. சாவிக்கொத்தா, கத்தியா, துப்பாக்கியா என்று அதற்குத் தெரியாது. எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் பக்கத்தில் நிற்கவேண்டும். அலுவலகத்துக்கு இது பொருந்தும். காளான் பண்ணையில் வேலைக்குப் போகிறவர் கையில் கத்தி இருக்கும். பால் வெட்டப் போகிறவரும் செம்பனைக் குலை வெட்டப் போகிறவரும் இந்தக் கதவு வழியே போனால் காலைப் பெரட்டு முழுவதும் மணி ஓயாது அடித்துக்கொண்டிருக்கும்! அன்றியும் தோட்டத்துக்கும் பண்ணைக்கும் ஒரு வாசலா இருக்கின்றது?

இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிப் புதுவகைக் கருவிகள் வந்தன. உலோகத்தின் வடிவத்தைக் கணினி ஆராய்ந்து, துப்பாக்கியை மட்டும் பிரித்துக் காட்டும் என்றார்கள். நியூயார்க் நகரின் சுரங்க ரயில் நிலையங்கள் 20இல் 2024ஆம் ஆண்டு அவ்வகைக் கருவியை ஒரு மாத காலம் சோதித்தனர். 2,749 முறை பயணிகளைச் சோதித்ததில், 118 முறை இல்லாத ஆயுதத்தை இருப்பதாகக் காட்டியது. 12 கத்திகள் அகப்பட்டன. துப்பாக்கி ஒன்றுகூட அகப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அக்கருவியைச் செய்யும் நிறுவனம் தன் பொருளின் திறமையை மிகைப்படுத்திப் பள்ளிக்கூடங்களுக்கு விற்றது என்று அமெரிக்கக் கூட்டரசின் வாணிப ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

இன்னொன்று கேமரா. சாதாரண கண்காணிப்புக் கேமரா நடந்ததைப் பதிவு செய்து வைக்கும். நடக்கும்போது யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆகவே இப்போது கணினியைக் கொண்டு கேமராப் படங்களைப் பார்க்கச் செய்கின்றனர். பல்லாயிரம் துப்பாக்கிப் படங்களைக் காட்டி அதற்குப் பழக்கம் கொடுத்திருப்பார்கள். கேமராவின் முன் யாரேனும் துப்பாக்கியைக் கையிலெடுத்தால் அடையாளம் கண்டு எச்சரிக்கும். துப்பாக்கி சட்டைக்குள் இருந்தால் கேமரா என்ன செய்யும்? எட்டத்தில் இருந்தாலும் பயனில்லை. 2025 ஜனவரியில் டென்னசி மாநிலத்தில் நேஷ்வில் நகரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் மாணவி ஒருத்தி சுடப்பட்டு இறந்தாள். அப்பள்ளியில் இந்த ஏற்பாடு இருந்தும், சுட்டவன் கேமராவுக்கு அருகில் வராததால் துப்பாக்கியை அது காணவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தில் நேர்மாறாக ஒன்று நடந்தது. பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து சோளவறுவல் தின்றுகொண்டிருந்த ஒரு மாணவனின் கையிலிருந்த காலிப் பொட்டலத்தைத் துப்பாக்கி என்று கணினி சொல்லிவிட்டது. காவலர்கள் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்து, பையனை மண்டியிடச் செய்து கைவிலங்கு பூட்டினர். பதற்றத்தில் ஒரு காவலரின் விரல் அசைந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? பிள்ளைகளோடு பழகுகின்ற ஆசிரியர்களாகிய நாம் இந்தச் செய்தியை எளிதில் மறக்க முடியாது.

மூன்றாவது, வெடிச்சத்தத்தைக் கேட்கும் கருவி. 1990களில் கலிபோர்னியாவிலேயே இதற்கு அடிபோட்டனர். மின்னலைக் கண்டபின் இடி கேட்பதற்குள் எத்தனை நொடி என்று எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வார்களல்லவா? அதே கணக்குத்தான். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். மூன்று நான்கு இடங்களில் ஒலிவாங்கிகளை உயரத்தில் வைத்தால், வெடிச்சத்தம் அருகில் உள்ளதற்கு முதலிலும் தொலைவில் உள்ளதற்குச் சற்றுப் பிந்தியும் எட்டும். அந்தக் காலவேறுபாட்டைக்கொண்டு வெடித்த இடத்தைக் கணினி கண்டுபிடித்துக் காவல்துறைக்குச் சொல்லிவிடும். கட்டடத்துக்குள் வைப்பவற்றில் சில, வெடியின் சத்தத்தோடு அதன் வெப்பப் பளிச்சையும் சேர்த்துப் பார்த்து உறுதி செய்கின்றன. பயனுள்ள கருவிதான். ஆனால் குண்டு பாய்ந்த பிறகுதான் அதற்கு வேலை தொடங்குகின்றது.

அந்த வேகம் எவ்வளவுக்கு உதவும் என்பதற்கு சான் ஹோசே நகரில் நடந்ததைச் சொல்லவேண்டும். அதுவும் கலிபோர்னியாவில் உள்ளதே. ஹாஃப் மூன் பேயிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். 2021ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் காலை ஆறரை மணிக்கு, அந்நகரின் இலகு ரயில் பணிமனையில் இரவு வேலையினர் போய்க் காலை வேலையினர் வரும் நேரம். அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்த ஊழியர் ஒருவர் மூன்று கைத்துப்பாக்கிகளோடு வந்து சுட்டார். உடன் வேலை செய்தவர்கள் ஒன்பது பேர் மாண்டனர். காவல்துறையினர் நெருங்கியதும் தம்மையே சுட்டுக்கொண்டார். மாவட்டக் காவல் தலைமையகம் எங்கே இருந்தது தெரியுமா? பணிமனைக்குப் பக்கத்திலேயே! காவலர்கள் சில நிமிடங்களில் உள்ளே புகுந்துவிட்டனர். அவர்கள் வந்ததால் மேலும் பலர் பிழைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஒன்பது உயிர் போனது அதற்கு முன்பே.

கதவைப் பூட்டிவைக்கலாமே, ஊழியர்களுக்கு மட்டும் நுழைவு அட்டை கொடுக்கலாமே என்றும் தோன்றும். இரவில் கடையைக் கொள்ளையிட வருகிறவனுக்கு அது நல்ல தடை. அட்டை வைத்திருப்பவரே சுடுகிறவராக இருந்தால்? 2019ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் வர்ஜீனியா பீச் என்ற ஊரில் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேரைக் கொன்றவர் அங்கே பொறியாளர். அன்று காலையில்தான் வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் அனுப்பியிருந்தார். அவருடைய அட்டை கதவுகளைத் திறந்தது. உதவிக்கு வந்த காவலர்களிடம் அட்டை இல்லாததால் பூட்டிய கதவுகள் அவர்களைத்தான் தடுத்தன.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கலிபோர்னியாவின் சட்டமே வேலையிடத்து வன்முறையை நான்கு வகையாகப் பிரித்திருக்கின்றது. அந்த இடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் கொள்ளையிட வருகிறவன் ஒருவன். வாடிக்கையாளராகவோ நோயாளியாகவோ வந்து தாக்குகிறவர் ஒருவர். அங்கேயே வேலை செய்கிறவர் அல்லது செய்து நீங்கியவர் ஒருவர். நான்காமவர், அங்கு வேலை செய்யும் ஒருவரோடு கணவன், உறவினர் என்று சொந்தத் தொடர்பு உடையவர். அமெரிக்கா முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் வேலையிடத்தில் கொலையுண்டவர்கள் 524 பேர். பெரும்பாலோர் துப்பாக்கியால் மாண்டவர்கள். கடைச் சிப்பந்தி, வாடகை வண்டி ஓட்டுநர் போன்றோர் முதல் வகையினிடம் அதிகம் அகப்படுகின்றனர். அவர்களுக்கு வெளிச்சமான விளக்கு, மறைவில்லாத கண்ணாடி, கடைக்காரராலும் திறக்க முடியாத பணப்பெட்டி, கேமரா எல்லாம் உண்மையாகவே காவல். திருட வருகிறவன் கணக்குப் பார்த்துத்தான் வருகின்றான். அகப்படுவோம் என்று தெரிந்தால் வேறிடம் பார்ப்பான். மூன்றாம் வகையினர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. கேமரா இருக்குமிடம் அவருக்குத் தெரியும். கதவும் அவரை அறியும். காவலாளி அவரிடம் நலம் விசாரிப்பார். அகப்படுவதைப்பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. இறந்துபோகும் எண்ணத்தோடுகூட வருகின்றார்.

அவரை எது காட்டிக்கொடுக்கும்? அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத் துறையாகிய எப்.பி.ஐ., 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் இப்படிச் சுட்ட 63 பேரின் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொருவரும் அதற்கு முன்னரே சராசரியாக நான்கைந்து கவலைக்குரிய அறிகுறிகளைக் காட்டியிருந்தனர். அவற்றைச் சுற்றியிருந்தவர்கள் கண்டும் இருந்தனர். சொன்ன சொல், எழுதிய எழுத்து, திடீரென்று ஒதுங்கிப்போவது, துப்பாக்கியைப்பற்றியே பேசுவது என்பன போன்றவை. கண்டவர்களில் பலர் அந்த மனிதரிடமே பேசிப் பார்த்ததோடு விட்டனர். பலர் ஒன்றும் செய்யவில்லை.

சான் ஹோசேயில் நடந்ததும் இதுவே. 2016ஆம் ஆண்டு அந்த ஊழியர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து திரும்பியபோது சுங்க அதிகாரிகள் நிறுத்திச் சோதித்தனர். வேலையிடத்தின் மீதுள்ள வெறுப்பைப்பற்றி எழுதிய குறிப்புகள் அவரிடம் இருந்தன. கேட்டதற்கு, யாரோடும் பிணக்கு இல்லை என்றார், விட்டுவிட்டனர். அந்தச் செய்தி அவர் வேலை செய்த போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவரைக் கண்டால் பயமாக இருக்கின்றது என்று ஓர் ஊழியர் சொன்னது கழகத்தின் பதிவிலேயே இருந்தது. ஒரு காகிதம் சுங்கத்தில், ஒரு சொல் அலுவலகத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

ஹாஃப் மூன் பேயிலும் அப்படியே. 2013ஆம் ஆண்டிலேயே, முன்பு உடன் வேலை செய்து உடன் தங்கியிருந்த ஒருவர், குற்றம் சாட்டப்பட்ட அந்த மனிதர் தம்மைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார் என்று நீதிமன்றத்தில் தற்காலிகத் தடையாணை பெற்றிருந்தார். ஆணையின் காலம் முடிந்தது. அதன்பின் துப்பாக்கி வாங்க அவருக்குச் சட்டத் தடை ஏதுமில்லை. 2023இல் கையிலிருந்த துப்பாக்கி சட்டப்படி வாங்கியதே என்றனர் காவல்துறையினர். இன்னும் ஒன்று. 2022ஆம் ஆண்டு ஜூலையில், ஏழு மாதத்துக்கு முன்பு, அதே முதற் பண்ணையில் வேறொருவர் தொழிலாளர் குடியிருந்த வண்டிவீட்டை நோக்கிச் சுட்ட சம்பவம் நடந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லாததால் ஊர் மறந்துவிட்டது. மாநிலத்தின் வேலையிடப் பாதுகாப்புத் துறை பின்னர் இரு பண்ணைகளுக்கும் தண்டம் விதித்தபோது எழுதிய குற்றங்களில், துப்பாக்கியோடு ஒருவர் வந்தால் தொழிலாளரை எச்சரித்து ஒளியச் சொல்வதற்கு எந்த ஏற்பாடும் இல்லை என்பதும் சேர்ந்திருந்தது.

எச்சரிப்பது என்றதும் விலையுயர்ந்த கருவியை நினைக்கவேண்டாம். நம் தோட்டங்களில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தால் பெரட்டுக்கு நேரமாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். தாறுமாறாக அடித்தால் தீப்பிடித்ததென்று குடத்தோடு ஓடிவருவார்கள். ஓசையின் பொருள் முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். இக்காலத்து அபாயப் பொத்தானும் அந்தத் தண்டவாளத்தின் பேத்தியே. கழுத்தில் மாட்டிய அட்டையிலோ இடுப்பிலோ இருக்கும். அழுத்தினால், எந்த அறையிலிருந்து அழைப்பு வருகின்றது என்பது காவலருக்கும் அலுவலகத்துக்கும் அந்தக் கணமே தெரியும். 2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஒரு வாரத்துக்கு முன்புதான் ஆசிரியர்களுக்குக் கொடுத்திருந்த அத்தகைய பொத்தான்கள் காவல்துறையை விரைவில் வரவழைத்தன.

கலிபோர்னியாவில் இந்தப் பொத்தான் யாருக்காக வந்தது என்பது நம் தாய்மார்கள் கேட்கவேண்டிய செய்தி. ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்காக வந்தது. தனியறையில் வேலை செய்யும்போது தங்கியிருப்பவர்கள் தகாத முறையில் நடந்துகொள்வதைப்பற்றி அப்பெண்கள் தொழிற்சங்கத்தின் மூலம் குரல் எழுப்பினர். 2018 நவம்பரில் ஓக்லண்ட் நகர மக்கள் வாக்களித்து, ஓட்டல்கள் அவர்களுக்கு இந்தப் பொத்தானைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி செய்தனர். இதுவரை நாம் பார்த்த கருவிகளில் தொழிலாளியே கேட்டு வாங்கியது இது ஒன்றுதான். மற்றவை தொழிலாளியைப் பார்க்கின்றன. இது தொழிலாளி பேச உதவுகின்றது. காவலுக்கென்று வைத்த கேமரா நாளடைவில் யார் எத்தனை முறை கழிவறைக்குப் போனார் என்று எண்ணத் தொடங்கினால், வேலையாட்கள் மேலாளரிடம் வாய்திறப்பது இன்னும் குறையும் என்பது நம் கருத்து.

வாய்திறந்த சொல் எங்கே போகவேண்டும் என்பதற்கு அந்த மாநிலம் கொஞ்சம் கொஞ்சமாக வழி அமைத்தது. ஒவ்வொரு வழியும் சில உயிர்களுக்குப் பின்னரே வந்தது என்பதுதான் வருத்தம். 1988 பிப்ரவரி 16ஆம் நாள் சன்னிவேல் நகரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் ஏழு பேர் கொல்லப்பட்டனர். சுட்டவர் அங்கிருந்து வேலைநீக்கம் செய்யப்பட்டவர். தம்மை விரும்பாத ஒரு பெண் ஊழியரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர். அப்பெண் தடையாணை கேட்டிருந்தார். விசாரணை மறுநாள் இருந்தது. படுகாயமுற்றும் அவர் பிழைத்தார். ஒருவரைப் பின்தொடர்ந்து அச்சுறுத்துவதே குற்றம் என்று 1990இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அதுவே முதன்முதலாக வந்த அத்தகைய சட்டம். 1995 முதல், மிரட்டப்பட்ட தொழிலாளிக்காக முதலாளியே நீதிமன்றம் போய்த் தடையாணை கேட்க வழி வந்தது. 2014 மே மாதம் இஸ்லா விஸ்டா என்னும் ஊரில் ஆறு பேர் கொல்லப்பட்டபின், ஆபத்தானவர் என்று நீதிபதி கருதும் ஒருவரிடமிருந்து துப்பாக்கிகளைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் தடையாணை சட்டமாயிற்று. 2016 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முதலில் காவல்துறையும் நெருங்கிய குடும்பத்தாரும் மட்டுமே அதைக் கேட்கலாம். 2020 செப்டம்பர் முதல் முதலாளியும் ஆசிரியரும், முதலாளியின் சம்மதத்தோடு சக தொழிலாளியும் கேட்கலாம் என்றாயிற்று. குற்றம் நடந்தபின் தண்டிப்பதற்கு அல்ல இந்த ஆணை. மனம் கலங்கியிருக்கும் காலத்தில் கையில் துப்பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கு. எத்தனையோ பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்வதும் இதனால் தவிர்க்கப்படும்.

சான் ஹோசே துயரத்துக்குப்பின் அந்நகரத்து மேலவை உறுப்பினர் டேவ் கோர்ட்டீஸ் கொண்டுவந்த சட்டம் 2023 செப்டம்பரில் ஆளுநரின் கையொப்பம் பெற்று, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் பெரிய இயந்திரம் ஒன்றையும் வாங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முதலாளியும் தம் இடத்துக்கேற்ற வன்முறைத் தடுப்புத் திட்டத்தை எழுதி வைக்கவேண்டும்; அதை எழுதும்போது தொழிலாளரையும் அவர்களுக்குச் சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதியையும் கலந்துகொள்ளவேண்டும். மிரட்டல் வந்தால் யாரிடம் சொல்வது என்று அதில் இருக்கவேண்டும். சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது. ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும்: நாள், நேரம், இடம், நான்கு வகையில் எவ்வகை, பிறகு என்ன செய்தார்கள் என்பவை. யாருடைய பெயரும் அதில் வரக்கூடாது. ஐந்தாண்டு காத்து வைக்கவேண்டும். தொழிலாளி கேட்டால் 15 நாளுக்குள் காட்டவேண்டும். அப்படி ஓர் ஏடு அந்தப் பண்ணையில் இருந்திருந்தால் 2022 ஜூலையில் வெடித்த குண்டு அதில் ஒரு வரியாக இருந்திருக்கும். வருபவர் போகிறவர் யாரேனும் அதைப் படித்து, அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டிருப்பார்.

ஆண்டுதோறும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கின்றது. அந்தப் பயிற்சி தொழிலாளிக்குப் புரிகின்ற மொழியிலும் அவருடைய படிப்பறிவுக்கேற்ற அளவிலும் இருக்கவேண்டுமாம். படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு எழுந்து போனால் போதாது. விவரம் தெரிந்த ஒருவரிடம் தொழிலாளர் கேள்வி கேட்க இடம் தரவேண்டும். சீனமும் ஸ்பானிய மொழியும் மட்டும் தெரிந்த காளான் பண்ணையாருக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவிப்பை ஒட்டிவைத்துப் பயனில்லை. மொழி தெரியாத அலுவலகத்தில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெரியவர்களை நாம் அறிவோம். ஆகையால் இந்த ஒரு விதியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கத் தோன்றுகின்றது.

அச்சட்டத்தில் ஓட்டையும் உண்டு. ஒரு நேரத்தில் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்து, பொதுமக்கள் வந்துபோகாத இடமாக இருந்தால் அந்த இடத்துக்கு விலக்கு அளித்திருக்கின்றனர். ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்கும் சிறு பண்ணை, வேலியின் மறுபுறத்தில் உள்ள பெரிய பண்ணையைப்போலவே தனிமையானது. அங்கும் மேற்பார்வையாளரின் சொல்லே சட்டம். அங்கும் இரவில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ்த்தான் படுக்கின்றனர். அவர்களில் ஒருவர் தம்மோடு தங்கியிருப்பவரைக் கண்டு அஞ்சினால், அதைப் போய்ச் சொல்ல இந்தச் சட்டத்தின்படி அங்கே ஓர் ஆளும் இல்லை, எழுதிவைக்க ஓர் ஏடும் இல்லை.